கிரேஸி அக்காவின் ஜப்பான் கோப்பைகள்

கிரேஸி அக்கா உட்கார்ந்து நான் பார்த்தது மூன்றே இடத்தில். கோர்ட்டுக்கு எதிரே இருக்கிற அவருடைய டைப் கடையில், மாதா கோயிலில் சாமியார் பிரசங்கம் வைக்கும்போது, அப்புறம் என் வேனின் முன் சீட்டில். மற்ற நேரமெல்லாம் நிற்பார், இல்லையென்றால் நடப்பார். பஸ் இரண்டு நிமிஷம் தாமதமானால் அடுத்த நிறுத்தத்துக்கு நடக்க ஆரம்பித்துவிடுவார். பாதி வழியில் பஸ் அவரைத் தாண்டிப் போகும். அதற்கும் பஸ்காரனுக்குத்தான் திட்டு விழும்.

வயது ஐம்பத்தாறு. பிறந்தது மணப்பாடு, கடற்கரை. வாக்கப்பட்டு வந்தது பாளையங்கோட்டை. வீட்டுக்காரர் ஜோன்ஸ் கோர்ட்டில் குமாஸ்தா. மகள் ஃபெமினாவுக்கு நாலு வயதாக இருக்கும்போது, ஒரு நாள் காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்து போனார். அதற்கு மூன்றாம் மாதம் அக்கா ஒரு பழைய டைப்ரைட்டரைத் தூக்கிக்கொண்டு போய் கோர்ட்டுக்கு எதிரே ஒரு வக்கீல் வீட்டு வாசலில் போட்டு உட்கார்ந்தார். இப்போது கம்ப்யூட்டர் வந்தாச்சு. டைப் கடை என்கிற பெயர் மட்டும் போகவில்லை. எட்டுப் பக்க மனுவை இருபது நிமிஷத்தில் அடித்து முடிப்பார். மனு கொடுக்க வந்தவன் நடுவில் அழுதால், இந்தப் பக்கம் முடியட்டும், அப்புறம் அழுங்க என்பார். பக்கம் முடிந்ததும் அவனுக்கு டீ வாங்கிக் கொடுப்பார்.

நான் பிச்சைக்கண்ணு. அந்தத் தெருமுனையில்தான் என் ஆம்னி வேன் நிற்கும். காலையும் சாயங்காலமும் பள்ளிக்கூடப் பிள்ளைகள், இடையில் கிடைக்கிற சவாரி. அக்கா வீட்டுக்கு முதலில் போனது அவருடைய தாயாரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போக. திரும்பி வந்து இறக்கிவிட்டதும், குடிச்சிட்டுப் போ தம்பி என்று அக்கா ஒரு கோப்பையை நீட்டினார். வாங்கியவன் பயந்துபோனேன். கையில் ஒரு கனமும் இல்லை. ஓரம் முட்டை ஓடு மாதிரி. உள்ளே டீ எதுவரை நிற்கிறது என்று வெளியே இருந்தே தெரிந்தது. சாம்பல் நிறப் புகைக்குள் ஒரு டிராகன் தடித்து எழும்பி நிற்கும். விரலை வைத்தால் அதன் செதில் தட்டுப்படும். கைப்பிடிக்குள் என் விரல் நுழையவே இல்லை. இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தேன்.

குடித்து முடித்ததும் கட்டிலில் இருந்த தாயார், அதைத் தூக்கி வெளிச்சத்துல பாரு என்றார். பார்த்தேன். கோப்பையின் அடியில் ஒரு பெண் முகம். வரைந்தது இல்லை. பீங்கானையே அங்கங்கே தடிப்பாகவும் மெலிசாகவும் விட்டு, வெளிச்சம் பட்டால் மட்டும் தெரிகிற மாதிரி செய்திருக்கிறான். உயரக் கொண்டை, கொண்டையில் ஊசிகள். தாயார் அதை மாதா என்றார். மாதாவுக்கு ஏன் கொண்டை ஊசி என்று கேட்டேன். "ஜப்பான்ல அவங்க ஜப்பான் பொம்பள மாதிரிதான் இருப்பாங்க. பின்ன, சேலையா கட்டுவாங்க?" என்றார். அதற்கு மேல் நான் என்ன கேட்க.

கோப்பைகளைக் கொழும்பிலிருந்து கொண்டுவந்தவர் அந்தத் தாயாரின் அப்பா. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ஓடிய தோணியில் தண்டல், அதாவது தோணிக்குத் தலைவர். இரண்டாம் உலகச் சண்டைக்கு முந்திய காலம். பன்னிரண்டு கோப்பை. சாசர்கள் மணப்பாட்டிலேயே போய்விட்டன. கோப்பைகள் மட்டும் கண்ணாடி அலமாரியில் எழுபது வருஷத்துக்கு மேல் இருந்தன. மேற்றிராணியார், அதாவது பிஷப், வந்தால் எடுப்பார்களாம், பெண் பார்க்க வந்தால் எடுப்பார்களாம், வேறு எதற்கும் கிடையாது. பிள்ளைகள் தொட்டால் அடி. கிரேஸி அக்காவுக்கு மட்டும் கூடுதல் அடி, ஏனென்றால் சின்ன வயதிலிருந்தே அவசரக்காரி, எடுத்ததைக் கீழே போடுகிறவர். வீட்டில் அவருக்கு 'ஓட்டைக்கை' என்று பட்டப்பெயர். தம்பி கிங்ஸ்லி வைத்தது.

பத்து வருஷத்துக்கு முன்னால் தாயார் பாளையங்கோட்டைக்கு மகளோடு வந்து சேர்ந்தபோது, கோப்பைகளும் ஒரு அட்டைப்பெட்டியில் வந்தன. இங்கே கண்ணாடி அலமாரி இல்லை. கட்டிலுக்கு அடியில் கிடந்தது பெட்டி. ஒரு நாள் தாயாரே உட்கார்ந்து பெட்டியைப் பிரித்து, பன்னிரண்டையும் கழுவி குசினி மேடையில் கவிழ்த்து வைத்தாராம். யாருக்காக வைத்திருந்தோமோ அவர்கள் எல்லாம் போய்ச் சேர்ந்தாச்சு, இனி வாறவங்களுக்கு இதுலதான் குடுக்கணும் என்றாராம். அன்றைக்கே எவர்சில்வர் டம்ளர்கள் பரண் ஏறின.

அதிலிருந்து கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவனுக்கும், கரண்ட் ரீடிங் எடுக்கிறவருக்கும், மனு விஷயமாக வீட்டுக்கே வந்துவிடுகிற கிராமத்து ஆட்களுக்கும், எனக்கும் அந்த ஜப்பான் கோப்பையில்தான் டீ. புழங்குகிற சாமான் உடையத்தானே செய்யும். ஒன்றை உடைத்தது நான். குடித்துவிட்டு வேன் கூரைமேல் வைத்தேன். போன் வந்தது, பேசிக்கொண்டே வண்டியை எடுத்துவிட்டேன். நாலு வீடு தள்ளி ரோட்டில் விழுந்த சத்தம் கேட்டுத்தான் ஞாபகமே வந்தது. சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டு போய் நின்றேன். அக்கா இன்னொரு கோப்பையை எடுத்து அதில் டீயை ஊற்றி, இதையாவது கீழ வச்சு குடி என்றார்.

போன வருஷம் தசரா முடிந்த மறுவாரம் தாயார் இறந்துபோனார். எண்பத்து நாலு வயது. அடக்கத்துக்கு மஸ்கட்டிலிருந்து கிங்ஸ்லி பெஞ்சாதியோடு வந்தான். சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் முன்னால், அம்மாவோட சாமான் ஒண்ணும் கலையக் கூடாது, வருசத் திருப்பலி முடிஞ்சதும் பங்கு வச்சுக்கிடுவோம், அதுவரைக்கும் ஓட்டைக்கையை யாராவது பாத்துக்கிடுங்க என்று சிரித்தான். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். நான் பார்த்தேன், அந்தச் சிரிப்பு கண்ணுக்கு ஏறவே இல்லை.

இந்த வருஷம் அந்த நினைவுநாள் திருப்பலிக்குப் பத்து நாள் இருக்கும்போது கிங்ஸ்லி போனில் கூப்பிட்டான். ஃபெமினாவை ரயிலுக்கு ஏற்றிவிட நான் வந்து ஹாலில் நின்றுகொண்டிருந்தேன். போன் சத்தமாகத்தான் வைத்திருந்தது. தூத்துக்குடியில் அவன் கட்டின புது வீட்டில் ரெனிஷா ஒரு கண்ணாடி அலமாரி செய்திருக்கிறாளாம், உள்ளே விளக்கெல்லாம் வைத்து. ரெனிஷா அவன் பெஞ்சாதி. கோப்பையை அதில் வைத்தால் மாதா முகம் தானாகவே தெரியுமாம்.

"பன்னெண்டும் இருக்குல்லா?" என்று கேட்டான்.

அக்கா குசினி மேடையைப் பார்த்தார். அங்கே ஏழு கோப்பைகள்தான் கவிழ்ந்திருந்தன.

"இருக்கு," என்றார்.

போனை வைத்துவிட்டு நின்ற இடத்திலேயே நின்றார். ஏன் அப்படிச் சொன்னீங்க என்று ஃபெமினா கத்தினாள். வாயில வந்துட்டு என்றார். அப்புறம் கோப்பைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார், எண்ணினால் கூடிவிடும் என்பதுபோல. ஃபெமினா ரயிலைப் பிடித்ததே கடைசி நிமிஷத்தில்தான். ஸ்டேஷனிலிருந்து திரும்பி வரும்போது அக்கா சொன்னார், "அவன் முன்னால அஞ்சு ஒடஞ்சு போச்சுன்னு என்னால சொல்ல முடியாது தம்பி. சொந்தக்காரங்க அத்தனை பேரும் உக்காந்திருப்பாங்க. சாவுத வரைக்கும் ஓட்டைக்கைதான்."

மறுநாள் காலையிலிருந்து தேடல். பள்ளிக்கூடப் பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பினால் தெருமுனையில் நின்றுகொண்டிருப்பார், கைக்குட்டையில் சுற்றிய ஒரு கோப்பையோடு. அதுதான் மாதிரி. டைப் கடைச் சாவியைப் பக்கத்து ஜெராக்ஸ்காரரிடம் கொடுத்துவிட்டார். இருபது வருஷத்தில் அந்தக் கடை வேலை நாளில் பூட்டிக் கிடந்தது இல்லை. அந்த வாரம் கிடந்தது.

தச்சநல்லூரில் சுடலைராஜ் என்று ஒருவர் இருக்கிறார். இடிக்கிற வீட்டுச் சாமான்களை எடுத்து விற்கிறவர். கதவு, சன்னல், உரல், தொட்டில் என்று மலையாகக் குவிந்து கிடக்கும். அவரிடம் போனோம். மாதிரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது மாதிரி போன வருஷம் நாலு வந்ததாகவும், கொத்தனார்களுக்கு டீ குடிக்கக் கொடுத்துவிட்டதாகவும் சொன்னார். அக்காவுக்கு வந்ததே கோபம். ஆனால் அவரும் வீட்டில் அதைத்தான் செய்துகொண்டிருந்தார், அதனால் வாயை மூடிக்கொண்டார். சுடலைராஜ் உள்ளே போய்த் துழாவி ஒரு கோப்பையை எடுத்து வந்தார். அதே புகை நிறம், அதே டிராகன். அக்கா அதைப் பிடுங்காத குறையாக வாங்கி வெயிலில் தூக்கிப் பார்த்தார்.

"ஆள் இல்லையே," என்றார்.

"ஆள் எதுக்கு? டீதான ஊத்தப் போறீங்க?"

கிங்ஸ்லி முதலில் தூக்கிப் பார்ப்பதே அந்த ஆளைத்தான். அது உதவாது. எங்கள் முகத்தைப் பார்த்து சுடலைராஜுக்கே பாவமாகிவிட்டது போல. குலசேகரன்பட்டினத்தில் தன் சம்பந்தி வீட்டில் இது மாதிரி மூன்று பார்த்ததாகச் சொன்னார், அதில் ஆள் உண்டு என்றும் சொன்னார்.

அடுத்த நாள் குலசை. ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி என்று ஆற்றோடு ஒட்டியே போகிற ரோடு. இரண்டு பக்கமும் வாழை. அக்கா எதையும் பார்க்கவில்லை. மாதிரிக் கோப்பையைப் பிரிப்பதும் சுற்றுவதுமாக வந்தார். நான் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, அதையும் போட்டு உடைச்சா ஆறு தேடணும் என்றேன். முறைத்தார். பிரிப்பது மட்டும் நின்றது.

சம்பந்தி வீட்டில் இசக்கிச்செல்வி என்று ஒரு அம்மா. தசரா முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. வாசலில் காளி வேஷத்துச் சடைமுடி வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. அந்த வீட்டுக்காரர் வருஷா வருஷம் காளி வேஷம் போடுகிறவர். கோப்பை இருக்கிறதா என்று கேட்டதும் அந்த அம்மா மகிழ்ச்சியாக உள்ளே போய் மூன்றை எடுத்து வந்தார். ஒன்றின் உள்ளே ரத்தச் சிவப்பு, ஒன்றில் நீலம், ஒன்றில் மஞ்சள். மாமனார் காலத்திலிருந்து வேஷத்துக்கு வர்ணம் குழைக்கிற கிண்ணம் அதுதானாம். சிவப்புக் கோப்பையைத் தூக்கிப் பார்த்தால் அடியில் ஆள் இருக்கிறாள். ஆனால் முகமெல்லாம் சிவந்து, பார்க்கவே ஒரு மாதிரி.

அக்கா விடவில்லை. கிணற்றடியில் உட்கார்ந்து புளி போட்டுத் தேய்த்தார், சோப்புப் போட்டுத் தேய்த்தார், மண்ணெண்ணெய் கேட்டு வாங்கித் தேய்த்தார். உட்கார்ந்து பார்த்தது மூன்று இடம் என்று சொன்னேனே, இது நாலாவது. பீங்கானின் நுண்ணிய வெடிப்புக்குள் எல்லாம் வர்ணம் இறங்கியிருந்தது. ஒன்றும் நடக்கவில்லை. இசக்கிச்செல்விக்கு இந்த அம்மா யார், ஏன் இப்படித் தேய்க்கிறார் என்று ஒன்றும் புரியவில்லை. கடைசியில் அவர்தான் வழி சொன்னார். இந்த மூன்றும் காயல்பட்டினத்தில் ஒரு வீட்டிலிருந்து மாமனாருக்குக் கிடைத்தவை. அந்த வீட்டில் இன்னும் இருக்கலாம். நஃபீஸத் என்று கேளுங்கள் என்றார்.

மணி பன்னிரண்டரை. மூன்றரைக்கு நான் பள்ளிக்கூட வாசலில் நிற்க வேண்டும். சொன்னேன். அக்கா காதிலேயே வாங்காமல் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். வேறு டிரைவருக்குப் போன் போட்டு, என் பிள்ளைகளை ஏற்றச் சொன்னேன். அவன் என்னைக் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது.

காயல்பட்டினத்தில் பெண்கள் போக்குவரத்துக்கென்று வீடுகளுக்கு நடுவே குறுகலான முடுக்குகள் உண்டு. அதற்குள் ஆம்பளைகள் போவதில்லை. நான் முனையில் டீக்கடையில் நின்றுகொண்டேன். அக்கா உள்ளே போய் முக்கால் மணி நேரம் ஆயிற்று. வரும்போது நெஞ்சோடு அணைத்த ஒரு பிஸ்கட் அட்டைப்பெட்டி. முகத்தில் மகிழ்ச்சி இல்லை.

வண்டியில் வைத்துச் சொன்னார். நஃபீஸத் வீட்டில் எட்டு இருக்கிறது. அதே புகை, அதே டிராகன், அதே கொண்டை. அவர்கள் வீட்டிலும் தினமும் புழங்குகிறார்கள், நஃபீஸத்தின் வாப்பா காலையில் அதில்தான் குடிக்கிறார். ஆனால் எலுமிச்சந்தோலும் உப்பும் போட்டுக் கழுவுவார்களாம், பளிச்சென்று இருக்கின்றன. விலைக்குக் கேட்டதும், விக்கிறதுக்கு இல்லை லாத்தா என்றாராம், அக்கா என்பதை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். வருஷத் திருப்பலிக்கு ஆட்கள் வருகிறார்கள், கோப்பை போதாது என்று அக்கா சொன்னாராம். உடனே ஐந்தை எடுத்துத் தாளில் சுற்றிக் கொடுத்துவிட்டாராம் நஃபீஸத். மணப்பாட்டுத் தோணிக்காரர் வீடா நீங்க, எங்க பாட்டனார் சரக்கு எல்லாம் உங்க தோணியிலதான் போகும் என்றாராம். பெயர் கேட்கவில்லை, போன் நம்பர் கேட்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் விசேஷம், அதுக்குள்ள வந்துட்டா போதும் என்றது மட்டும்தான்.

"ரெண்டு கேள்வி கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்," என்றார் அக்கா.

அவர் திட்டம் இதுதான். வீட்டில் ஏழு, வாங்கி வந்தது ஐந்து, ஆக மொத்தம் பன்னிரண்டு. ஒரு தட்டில் சொந்தக் கோப்பைகள் ஆறு: அது கிங்ஸ்லிக்கு. இன்னொரு தட்டில் மிச்சமிருக்கிற சொந்தக் கோப்பை ஒன்றும் நஃபீஸத்தின் ஐந்தும்: அது தனக்கு. கிங்ஸ்லி அவன் தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவான். மறுநாள் ஐந்தும் காயல்பட்டினம் போய்விடும். தம்பிக்கு அம்மா கோப்பைதான் போகிறது, அதில் ஏமாற்று இல்லை என்று என்னிடம் மூன்று தடவை சொன்னார். நான் கேட்கவே இல்லை.

சனிக்கிழமை திருப்பலிக்கு ஃபெமினாவும் திரும்பி வந்திருந்தாள். திருப்பலி முடிந்து, கல்லறைக்குப் போய் ஜெபம் சொல்லி, வீட்டுக்கு வந்து பந்தி முடிந்தது. ஆட்களை ஏற்றி இறக்கியதால் எனக்கும் அங்கேயே சாப்பாடு. மூன்று மணிவாக்கில் பங்கு. கட்டில், பித்தளைக் குத்துவிளக்கு, தையல் மெஷின் எல்லாம் அரைமணியில் முடிந்தது, ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் அக்கா இரண்டு தட்டையும் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். சுற்றிலும் சொந்தக்காரர்கள். கிங்ஸ்லி ஒரு கோப்பையை எடுத்து சன்னலுக்கு நேரே தூக்கினான்.

"மாதா அப்படியே இருக்காங்க," என்றான். ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தான். பன்னிரண்டிலும் இருந்தாள். "ஒண்ணுகூட ஒடயலையே. ஓட்டைக்கை திருந்திட்டா." எல்லோரும் சிரித்தார்கள். அக்கா ஆறு சொந்தக் கோப்பை இருந்த தட்டை அவன் பக்கம் தள்ளினார்.

அப்போது அவன் அந்த இன்னொரு தட்டின் மேல் கையை வைத்தான். மூத்தவர் பங்கு வைத்தால் இளையவர்தான் முதலில் எடுக்க வேண்டும். எங்கள் பக்கம் எந்த வீட்டிலும் அதுதான் முறை. பிரிக்கிறவர் கை ஒரு பக்கம் சாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த முறை. பாகப் பிரிவினைப் பத்திரத்தில் அந்த வரியை எத்தனை நூறு தடவை டைப் அடித்திருப்பார் கிரேஸி அக்கா! சொந்த வீட்டில் அது அவருக்கு ஞாபகம் வரவில்லை.

"நான் இளையவன்லா. நான்தான் எடுக்கணும். எனக்கு இது," என்றான் கிங்ஸ்லி. ஐந்து கோப்பை உள்ளே வெள்ளை வெளேரென்று இருந்த தட்டு. மற்றது தினமும் டீ குடித்துக் குடித்து உள்ளே பழுப்பேறினது. யாராக இருந்தாலும் அதைத்தான் எடுப்பார்கள்.

அக்கா தட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். அது வேண்டாம், இதை எடு என்றார். ஏன் என்று கேட்டான். அக்கா பிடியை விடவில்லை. அவன் முகம் மாறியது.

"நல்லதா பாத்து நீ வச்சுக்கிட்டு, கறை புடிச்சத எனக்குத் தள்ளுதியா? இதுக்கா அக்கா வருசம் பூரா பத்திரமா வச்சிருந்த?"

சொந்தக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒரு பெரியம்மா, அப்படியும் உண்டுமா என்று முனகினார். எனக்கு அந்த இடத்தில் நிற்க முடியவில்லை, போகவும் முடியவில்லை. அக்கா வாயை மூடிக்கொண்டிருந்தால் நஃபீஸத்தின் கோப்பைகள் தூத்துக்குடி அலமாரிக்குப் போய்விடும். வாயைத் திறந்தால் பொய் வெளியே வந்துவிடும்.

"அதுல அஞ்சு நம்மளது இல்ல, கிங்ஸ்லி," என்றார். "காயல்பட்டினத்துல ஒருத்தங்ககிட்ட எரவல் வாங்கிட்டு வந்தேன். நம்மளது அஞ்சு ஒடஞ்சு போச்சு."

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. எப்படி உடைந்தது என்று கிங்ஸ்லி கேட்டான், போலீஸ் மாதிரி. அக்கா நின்றபடியே சொன்னார். ஒன்று, கரண்ட் ரீடிங் எடுக்கிறவர் விரல் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு, எடுக்கும்போது போனது. ஒன்று பிச்சைக்கண்ணு வண்டிமேல் வைத்தது. என்னை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒன்று ஃபெமினா கழுவும்போது. ஒன்று அம்மாவே, கடைசி மாசத்தில் கை நடுங்கி. ஒவ்வொன்றுக்கும் நாள், நேரம், என்ன பேசிக்கொண்டிருந்தோம் என்பதுவரை சொன்னார்.

"அஞ்சாவது?"

"தெரியல," என்றார் அக்கா. "எப்படியோ ஒடஞ்சு போச்சு. என் கைதான்."

நாலுக்கு அத்தனை விவரம் சொன்னவருக்கு ஐந்தாவது மட்டும் தெரியவில்லையா என்று நான் நினைத்தேன். ஃபெமினா என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அக்கா அவளைப் பார்த்த பார்வையில் அவள் அடங்கிவிட்டாள்.

கிங்ஸ்லியைக் கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். அவனுக்கும் அந்தக் கோப்பையைத் தொட்டு அடி வாங்கின கை இருக்கிறது. பன்னிரண்டில் தனக்கு ஆறு, உடைந்ததெல்லாம் அக்கா பங்கில் என்று கணக்குச் சொன்னான். அப்படியானால் அக்காவுக்கு ஒன்று. அக்கா சரி என்றார். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அவன் பழுப்பேறின ஆறையும் சட்டைகளில் சுற்ற ஆரம்பித்தான்.

அதுவரைக்கும் சுவரோரம் நின்றிருந்த ரெனிஷா மேஜைக்கு வந்தாள். இன்னும் சுற்றாமல் இருந்த கோப்பை ஒன்றை எடுத்தாள். வெளிச்சத்துக்குத் தூக்கவில்லை, பார்க்கவும் இல்லை.

"இதுல விரிசல் இருக்கு. இது இங்கனயே இருக்கட்டும்," என்றாள்.

"எங்க விரிசல்?" என்றான் கிங்ஸ்லி.

"எனக்குத் தெரியுது."

அதை அக்கா பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு, வெளியே போய் அவர்கள் காரில் உட்கார்ந்துகொண்டாள். அக்கா அவளைக் கூப்பிடவில்லை. கிங்ஸ்லி ஐந்தைச் சுற்றி எடுத்துக்கொண்டு, வாரேங்க்கா என்று ஒரு மாதிரியாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினான். நான் அப்புறம் அந்தக் கோப்பையைச் சன்னலில் வைத்து நாலு பக்கமும் பார்த்தேன். விரிசலும் இல்லை, ஒன்றும் இல்லை.

ஆட்கள் கலைந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்க் கொடுத்தால் போதும். அக்காவால் முடியவில்லை. இப்பவே போகணும், பிறத்தியார் சாமான் ராத்திரி வீட்டுல இருக்கக் கூடாது என்று பிஸ்கட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வண்டிக்கு வந்துவிட்டார். காலையிலிருந்து நின்ற கால். சாப்பிட்டாரா என்றுகூடத் தெரியாது. ஃபெமினாவும் பின்னால் ஏறிக்கொண்டாள்.

செய்துங்கநல்லூர் தாண்டினதும் ஃபெமினாவுக்குப் பொறுக்கவில்லை. ஐந்தாவதை உடைத்தது ரெனிஷா அத்தை என்று என்னிடம் சொன்னாள். ஆச்சி அடக்கத்துக்கு மறுநாள், குசினியில், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துச் சில்லுகளைச் சாம்பல் குப்பைக்குள் புதைத்தார்களாம். அம்மா பார்த்துவிட்டார்களாம். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவே இல்லையாம்.

"வாய மூடு," என்றார் அக்கா. "அவ வந்த வீட்டுல அழுதுக்கிட்டு நின்னா. அதுக்கு மேல அவகிட்ட என்ன கேக்க?"

அப்படியானால் ஏன் மாமாவிடம் எல்லாப் பழியையும் நீங்கள் சுமந்தீர்கள் என்று ஃபெமினா விடாமல் கேட்டாள். அக்கா பெட்டியைத் திறந்து எண்ண ஆரம்பித்தார். ஐந்து. மூடினார். குரும்பூர் ரயில்வே கேட் அடைத்திருந்தது. வெயில் தாழ்ந்து, வாழைத் தோப்புக்குள் சிவப்பாக இறங்கிக்கொண்டிருந்தது. அக்கா மறுபடியும் திறந்து எண்ணினார்.

"ரெண்டு இருக்கு," என்றார், வீட்டில் இருக்கிறதைச் சொல்லுகிறார் என்று எனக்குப் புரிந்தது. "வாறவங்களுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. ஆனா மூணு பேரா வந்தா என்ன செய்யுது?"

மூன்றாவது ஆளுக்குப் பரணில் எவர்சில்வர் இருக்கிறதே, அதில் கொடுங்க என்றேன்.

"அந்த மூணாவது ஆளு நீயா இருந்தா?"

"எனக்கு அதுதான் நிம்மதிக்கா. இத்தனை வருசமா உங்க வீட்டுல டீ என்ன ருசின்னே தெரியாது. கப்பு விழுந்துருமோன்னே குடிச்சிருக்கேன்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். பத்து நாளுக்கு அப்புறம் அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது, உடனே போயும் விட்டது. நஃபீஸத்திடம் ஆட்கள் வந்தார்கள், கோப்பை போதவில்லை என்று சொன்ன பொய்யை இப்போது என்ன செய்வது என்று கேட்டார். கேட்டதோடு சரி, என் பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. போய்ச் சொல்லிவிட வேண்டியதுதான், உள்ளே போனதும் முதல் வேலையாகச் சொல்லிவிட வேண்டும், உட்காரச் சொல்வதற்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும் என்று தனக்குத்தானே பேசிக்கொண்டார். ரயில் கடந்து போன சத்தத்தில் மீதி கேட்கவில்லை.

கேட் பாதிதான் எழும்பியிருந்தது. அதற்குள் அக்கா முன்கண்ணாடியைக் கையால் தட்டினார்.

"எடு தம்பி, எடு. மக்ரிபு தொழுகைக்கு முன்னால போய்ச் சேரணும்."